கேட்கும் செவி

ஓர் ஊரின் எழுத்தாளர்கள் மாலையில் கூடி, மது அருந்தி, தத்தம் புனைகதைகளைப் படித்துக்காட்டுவதால் இலக்கியத்திற்கு விளைவது யாது? ஆக்ஸ்போர்டு நகரின் ‘இங்க்ளிங்ஸ்’ குழுவின் வரலாறு இதற்கு விடை பகரும்.

1930களிலும் 1940களிலும், வியாழக்கிழமை இரவுகளில், மாட்லன் கல்லூரியில் சி. எஸ். லூயிஸ் தங்கியிருந்த அறையில் அக்குழு கூடியது. விதிகள் இல்லை; பொறுப்பாளர் இல்லை; நிகழ்ச்சிநிரலும் இல்லை. முதலில் தேநீர் வரும். சில இரவுகளில் மதுவும் உண்டு. புகைக்குழாய்கள் கனன்றதும், படிப்பதற்கு எவரேனும் ஏதேனும் கொணர்ந்ததுண்டா என லூயிஸ் வினவுவார். கையெழுத்துப் படி ஒன்று வெளிவரும். நல்லதை மனமாரப் பாராட்டினர். குறையை முகத்தெதிரே கடிந்தனர். செவ்வாய்க்கிழமைகளில், நண்பகல் உணவுக்கு முன், ‘ஈகிள் அண்டு சைல்டு’ மதுவிடுதியில் பீர்க் கோப்பைகளோடு உரையாடல் தொடரும்.

டோல்கீன் 1937இன் இறுதியில் தொடங்கிய ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ அவ்வறையில் இயல் இயலாகப் படிக்கப்பட்டது. அது நூலாக வெளிவந்தது 1954, 1955ஆம் ஆண்டுகளில். நெடுங்காலம் தமக்கு வாய்த்த ஒரே அவையோர் லூயிஸே என்றும், அவரிடமிருந்து தாம் பெற்றது எழுத்துத் தாக்கம் அன்று, ஊக்கமே என்றும் டோல்கீன் பின்னாளில் நன்றியுடன் குறித்தார்.

ஆனால் அந்த அறையிலேயே செவி மூடியதும் உண்டு. அக்கதை பிடிக்காத ஹியூகோ டைசன், 1947இல், தாம் இருக்கும்போது அதைப் படிக்கலாகாது எனத் தடுத்தார்; அவர் நுழைந்தால் வாசிப்பு நின்றது. டோல்கீனும் விலக்கல்லர். 1949இல் லூயிஸ் தம் நார்னியாக் கதையின் தொடக்கத்தைப் படித்துக்காட்டியபோது, அது அவருக்குச் சற்றும் உவக்கவில்லை. எனினும் அவர் கேட்டபின் மறுத்தார். டைசனோ கேட்கவே மறுத்தார். முன்னது திறனாய்வு, பின்னது கதவடைப்பு. லூயிஸ் தளராது எழுதினார். நூல் 1950இல் வெளிவந்தது.

1949 அக்டோபரில் ஒரு வியாழனன்று லூயிஸின் அறைக்கு ஒருவரும் வரவில்லை. வாசிப்பு அத்துடன் ஓய்ந்தது. மதுவிடுதிச் சந்திப்போ 1963இல் லூயிஸ் மறையும்வரை நீடித்தது. கோப்பையும் நட்பும் தாமே நிலைத்தன; வாசிப்பை நிலைநிறுத்த, படியைக் கொணரும் துணிவும் இறுதிவரை கேட்கும் பொறுமையும் வேண்டியிருந்தன.

அதங்கோட்டாசானுக்குக் குற்றமற எடுத்துரைத்தே தொல்காப்பியர் தம் நூலை அரங்கேற்றினார் எனப் பாயிரம் கூறும். ஆதலின், கேட்போர் கடமை தமிழுக்குப் புதிதன்று. பத்தாண்டு கண்ட வட்டத்தின் பெருமையை உறுப்பினர் வெளியிட்ட நூல்களின் எண்ணிக்கை மட்டும் காட்டிவிடாது. முற்றுப்பெறாத ஒரு கவிதையைத் தயங்காமல் இங்கே படிக்கலாம் என்னும் நம்பிக்கை ஒரு புதிய கவிஞருக்கு எழுமாயின், அதுவே இவ்வட்டத்தின் பெரும்பேறு.