பக்கத்து மெஷினில் இருப்பவர் யார்?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

கண்காட்சியில் மாணவர்கள் வைத்திருக்கும் மாவோரி மக்கள் பற்றிய புராஜெக்டைப் பார்த்தேன். ரொம்ப நல்லா இருக்குதுங்க. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான அவர்கள், ஹரகேக்கே என்ற செடியின் இலையைச் சிப்பி ஓட்டால் சுரண்டி நார் எடுத்து, தறியே இல்லாமல் விரலாலேயே மேலாடை பின்னியவர்கள். பனியன் ஊர்க்காரர்களான நமக்கு இது வியப்பான செய்தி. அவர்கள் மொழி 1987-ல் அந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது.

அதே ஆர்வத்தோடு நம்மூரையும் கொஞ்சம் பாருங்க என்பதே என் வேண்டுகோள்.

நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் இருக்கிறார்கள். எல்லோரையும் 'இந்திக்காரங்க' என்று ஊரே ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறது. அவர்களில் சந்தால் பழங்குடியினரும் உண்டு. சந்தாலி, இந்தியோடு சேர்ந்த மொழியே அல்ல, வேறு மொழிக்குடும்பம். அதற்கு 'ஒல் சிக்கி' என்ற எழுத்தை 1925-ல் ரகுநாத் முர்மு உருவாக்கினார். 2003-ல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் அம்மொழி இடம்பெற்றது. 'ஜோஹார்' என்பது அவர்கள் வணக்கம். சோராய் பண்டிகையில் வீட்டுச் சுவரை அழகுபடுத்தி, மாடுகளுக்கு மரியாதை செய்வார்கள். நம்ம பட்டிப் பொங்கல் மாதிரியேதானுங்க!

இதில் உயிர்ப் பிரச்சினையும் இருக்கிறது. ஒடியாவில் பள்ளிப்படிப்பு படித்த சந்தால் பெண்ணுக்கு, 'தீப்பிடித்தால் இந்த வழி' என்று இந்தியில் போர்டு வைத்தால் என்ன பயன்? ஆடிட்டில் டிக் விழும். புகை வரும்போது அந்தப் பெண் எந்தப் பக்கம் ஓடுவார்?

ஆகவே மாணவர்களே, அடுத்த புராஜெக்டை இங்கே செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை, சூப்பர்வைசர் இல்லாத இடத்தில் பேசுங்கள். சொந்த ஊர் எது, வீட்டில் என்ன பாஷை, எந்த எழுத்து படிக்க வரும், என்ன சமைப்பார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். எழுதியதை முதலில் அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். பிறகு அவர்களையே துணைக்கு வைத்துக்கொண்டு ஊசி, கரண்ட், தீ பற்றிய எச்சரிக்கைகளை அவர்கள் மொழியில் தயாரியுங்கள். எழுத்து படிக்காதவர்களுக்குப் படமும் போடுங்கள்.

அதைக் கம்பெனிச் சுவரில் மாட்டுவது முன்னாள் மாணவர்களான எங்கள் பொறுப்பு. முதலாளிகளாகவும் மேனேஜர்களாகவும் இங்கே நம்மில் பல பேர் உட்கார்ந்திருக்கிறோமே, இதைக்கூடச் செய்ய மாட்டோமா?

ஜோஹார்!