முகம் பார்த்துப் போடும் மதிப்பெண்



இலக்கிய மேடை என்பதால் கவிதை, நாவல் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் விண்ணப்பத்தில் ஒட்டுகிற பாஸ்போர்ட் அளவு புகைப்படத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் முதல் அணிப் பிள்ளைகள் மேற்படிப்புக்கும் வேலைக்கும் விண்ணப்பம் போடும் காலம் இது. நம் காலனிப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

படம் எதற்கு? ஆள் அவர்தானா என்று பார்க்க. 2019இல் பக்கத்துத் தேனி மருத்துவக் கல்லூரியில் நீட் ஆள்மாறாட்டம் வெளிப்பட்டதே, தேர்வு எழுதியவரின் படமும் வகுப்பில் உட்கார்ந்திருந்தவரின் முகமும் ஒத்துப்போகவில்லை. அந்த வேலைக்குப் படம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது வாசலில் சரிபார்ப்பவரின் வேலை. தேர்ந்தெடுப்பவரின் மேசைக்கு அது ஏன் போக வேண்டும்?

அமெரிக்காவில் முதுநிலை மருத்துவப் பயிற்சிக்கு விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்துத்தான் நேர்காணலுக்கு அழைக்கிறார்கள். ஐந்து கதிரியக்கத் துறைகளைச் சேர்ந்த 74 மருத்துவ ஆசிரியர்களிடம் படம் ஒட்டிய கற்பனை விண்ணப்பங்களைக் கொடுத்துச் சோதித்த ஆய்வு 2019இல் வெளியானது. அழகான முகத்துக்கு மதிப்பு கூடியது, பருமனான முகத்துக்குக் குறைந்தது. இருட்டறையில் உட்கார்ந்து எக்ஸ்ரே படம் பார்க்கப் போகிறவருக்கு அழகு எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நம் நாட்டில் முதுநிலை இடத்தை நீட் தரவரிசை தீர்மானிக்கிறது. நீட்டை நாம் எதிர்ப்பதற்கான காரணங்கள் வேறு, அவை அப்படியே இருக்கின்றன. ஆனாலும் தரவரிசை எண்ணுக்குக் கண் கிடையாது. கண் திறப்பது அதற்குப் பிறகு. சீனியர் ரெசிடென்ட், உதவிப் பேராசிரியர் பணிகளுக்குப் பல நிறுவனங்களில் நேர்காணல் இருக்கிறது.

நேர்காணல் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1970இல் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு மொத்தம் 275 மதிப்பெண், அதில் நேர்முகத்துக்கு மட்டும் 75. விளையாட்டு, பொதுத் திறன் என்று பிரித்திருந்த தலைப்புகளில் ஒன்று உடல்நிலையும் தாங்கும் சக்தியும். அதாவது ஆளைப் பார்த்துப் போடும் மதிப்பெண். பெரியகருப்பன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டது என்ன? தலைப்பு வாரியாகப் போடாமல் மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டிருந்தார்கள். அது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு செல்லும் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான்.

வடநாட்டில் பெயரே சாதியைச் சொல்லிவிடும். நாம் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை, அது நல்ல காரியம். அதனால் இங்கே கேள்வி வேறு மாதிரி வரும். "எந்த ஊரு தம்பி?" ரெட்டியார்சத்திரம் பக்கம் என்பான். "ஊருக்குள்ளயா, காலனியா?" நிறத்தைப் பார்த்து, உடையைப் பார்த்து, பாதி முடிவு அதற்கு முன்பே எடுத்தாகிவிட்டிருக்கும்.

இது வெறும் ஊகம் என்பவர்கள் டெல்லி எய்ம்ஸ் பற்றிய தோரட் குழுவின் 2007 அறிக்கையைப் படிக்கட்டும். செய்முறை, வாய்மொழித் தேர்வுகளில் தேர்வாளர்கள் நேராகவோ சுற்றிவளைத்தோ சாதியைக் கேட்டதாகப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் 84 சதவீதம் பேர் சொன்னார்கள். 2023இல் நாடாளுமன்றக் குழு, எய்ம்ஸ் மாணவர்கள் பெயர் இல்லாமல் குறியீட்டு எண்ணில் தேர்வு எழுத வேண்டும் என்றது. தகுதியானவர் கிடைக்கவில்லை என்ற பழைய பதிலையும் ஏற்க மறுத்தது. நல்ல பரிந்துரைதான். ஆனால் விடைத்தாளில் பெயரை மறைக்கலாம், வாய்மொழித் தேர்வில் முகத்தை எங்கே மறைப்பது?

ஆகவே நாம் கேட்க வேண்டியது இது. புகைப்படம் சரிபார்ப்பு அலுவலரோடு நிற்கட்டும், தேர்வுக் குழுவின் கோப்பில் வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு உறுப்பினரும் போட்ட மதிப்பெண் அன்றே எழுத்தில் இருக்கட்டும். ஒதுக்கீட்டு இடத்தைக் காலியாக விட்டால், வந்தவர் ஒவ்வொருவரும் ஏன் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

அதுவரை தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்தான் கட்டணம். நேர்காணலுக்குப் போய்வந்தவர்கள் தங்கள் மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். மாதிரி மனு கொண்டு வந்திருக்கிறேன், வேண்டுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள்.