வாக்கும் அவையும்
1967 ஆம் ஆண்டுச் சென்னைத் தேர்தல் நமக்குப் புகட்டும் பாடம்



1967 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் சென்னை மாநிலத்திலே நடைபெற்ற சட்டசபைத் தேர்தலைப் பற்றி இன்று பேசுமாறு நம்மைப் பணித்திருக்கின்றீர்கள். அத்தேர்தல் நடந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் நம் மேடைகளிலே அதன் பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒரு சாரார், தமிழ் அரியணை ஏறிய நாள் அது என்று மார்தட்டுகின்றனர். மற்றொரு சாரார், சாவி டில்லியில் இருக்கும்போது சென்னையில் யார் அமர்ந்தால்தான் என்ன என்று உதட்டைப் பிதுக்குகின்றனர். இரண்டிலும் பாதி உண்மையே உண்டு. சட்டம் பயின்ற நாம் ஆரவாரத்தையும் ஏளனத்தையும் ஒருபுறம் ஒதுக்கி, ஆவணங்களை முன்வைத்து வழக்கை விசாரிப்போம்.

முதலிலே முடிவுகளைப் பார்ப்போம். 234 இருக்கைகளைக் கொண்ட அச்சட்டசபையில் திராவிட முன்னேற்றக் கழகம் 137 இருக்கைகளை வென்றது. இருபது ஆண்டுகளாக ஆண்ட காங்கிரசுக்குக் கிடைத்தவை 51. முதலமைச்சர் பக்தவத்சலம் திருப்பெரும்புதூரில் தோற்றார். அமைச்சர்களிற் பெரும்பாலோரும் அவருடன் தோற்றனர். அகில இந்தியக் காங்கிரசின் தலைவராக விளங்கிய காமராசர், தம் சொந்த ஊராகிய விருதுநகரிலே, பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளால் தோல்வியுற்றார். அவ்வாண்டில் இந்தியாவின் எட்டு மாநிலங்களிலே காங்கிரஸ் தன் பெரும்பான்மையை இழந்தது. எனினும், வேறொரு கட்சி தனித்து நின்று அறுதிப் பெரும்பான்மை பெற்றது சென்னையில் மட்டுமேயாகும்.

இனி, இந்த எண்களின் உள்ளே சற்று நுழைந்து பார்ப்போம். காங்கிரஸ் பெற்ற வாக்குகள் நூற்றுக்கு 41 இற்குச் சற்று மேல். கழகம் பெற்றவை நூற்றுக்கு 41 இற்குச் சற்றுக் குறைவு. ஆம், தோற்ற கட்சியே கூடுதலான வாக்குகளைப் பெற்றது! இஃது எங்ஙனம் நிகழ்ந்தது? காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் அபேட்சகர்களை நிறுத்தியது. கழகமோ சுமார் 60 தொகுதிகளைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. இராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி, சோசலிஸ்ட்டுகள், முஸ்லிம் லீக் ஆகிய கொள்கையால் வேறுபட்டோர் யாவரும் ஒரு தொகுதிக்கு ஓர் அபேட்சகர் என்ற உடன்பாட்டுக்குள் வந்தனர். கழகத்தின் வாக்கோடு இவர்களின் வாக்கையும் கூட்டிப் பார்த்தால் காங்கிரஸ் சிறுபான்மையாகிவிடுகின்றது.

இக்கணக்கு அநீதியானது என்று காங்கிரஸ் அன்பர்கள் அன்று மனம் வருந்தியிருக்கலாம். ஆனால் 1962 ஆம் ஆண்டை அவர்கள் மறத்தல் ஆகாது. அவ்வாண்டில் நூற்றுக்கு 46 வாக்குகளைப் பெற்று, 206 இருக்கைகளில் 139 ஐக் கைப்பற்றியவர்கள் அவர்களே. பாதிக்குக் குறைந்த வாக்கு. மூன்றில் இரண்டு பங்கு இருக்கை! எதிர்த்தோர் அன்று சிதறி நின்றமையால் அடைந்த ஆதாயம் அது. ஐந்தாண்டில் காங்கிரஸ் இழந்தது நூற்றுக்கு ஐந்து வாக்குகளே. எதிர்த்தோரும் ஒன்றுபடவே 139 இருக்கைகள் 51 ஆகச் சுருங்கின. ஒரு தொகுதிக்கு ஒருவர் என்ற தேர்தல் முறையில் ஒற்றுமையும் ஒரு வாக்குத்தான் என்பதை நம் இளைஞர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

உடன்பாடு மாத்திரம் வெற்றியைத் தந்துவிடுமா? தராது. மக்கள் மனம் மாறியிருந்தது. அதற்குக் காரணங்கள் இரண்டு: ஒன்று அரிசி, மற்றது மொழி. 1965, 1966 ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து இந்தியா முழுவதும் உணவுத் தட்டுப்பாடு தலைவிரித்தாடியது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி நிச்சயம், மூன்று படி இலட்சியம் என்ற கழகத்தின் வாக்குறுதி ஏழையின் செவியில் தேனாய்ப் பாய்ந்தது. தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னர், சனவரி 12 ஆம் திகதி, நடிகர் எம்.ஜி.இராமச்சந்திரன் சுடப்பட்டார். கழுத்திற் கட்டுடன் அவர் தோன்றிய சுவரொட்டிகள் ஊரெங்கும் பேசின. அவர் மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியை வென்றார்.

மொழிப் பிரச்சினை இவற்றிலும் ஆழமானது. 1965 ஆம் ஆண்டு சனவரி 26 ஆம் நாளோடு, ஆங்கிலத்துக்கு இந்திய அரசியல் அமைப்பு அளித்த பதினைந்தாண்டுத் தவணை முடிந்தது. 1963 ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், அதன் பின்னரும் இந்தியுடன் ஆங்கிலம் பயன்படுத்தப்படலாம் என்று கூறியது. ‘படலாம்’ என்ற அந்த ஒரு சொல்லின்மீதுதான் வழக்கு எழுந்தது. ‘படலாம்’ என்பதற்குள்ளே ‘படாமலும் இருக்கலாம்’ என்பது ஒளிந்திருக்கின்றதல்லவா? ‘வேண்டும்’ என்று எழுதுக எனக் கழகத்தார் வாதாடினர். அரசாங்கம் இணங்கவில்லை. மாணவர் தெருவில் இறங்கினர், துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் மடிந்தன. மத்திய மந்திரிகளான சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் பதவி விலகல் கடிதம் நீட்டும் நிலை ஏற்பட்டது. சட்டத்திலே ஒரு சொல்லைச் சரியாக எழுத மறுத்ததன் விலையை ஆட்சியாளர் இரண்டாண்டு கழித்து வாக்குப்பெட்டியில் செலுத்தினர்.

தேர்தலுக்குப் பின் நடந்ததையும் கேளுங்கள். 1968 சனவரியிலே அச்சட்டம் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட அரச கருமங்களில் ஆங்கிலத்தை நிறுத்துவதாயின், இந்தியைத் தம் ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தினதும் சட்டசபைகள் அதற்கு இசைந்து தீர்மானம் நிறைவேற்றல் வேண்டும் என்று எழுதப்பட்டது. அனைத்தும் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே ஒரு சட்டசபை இசைய மறுத்தாலும் ஆங்கிலம் நிலைக்கும். இஃது ஒரு தலைவர் மேடையிலே தந்த வாய்மொழி அன்று. சட்டப் புத்தகத்தில் ஏறிய உரிமை. அந்த உரிமையின் திறவுகோல் எங்கே வைக்கப்பட்டது? மாநிலச் சட்டசபையின் கையிலே! சாவி முழுவதும் டில்லியிலே என்று கூறுவோருக்கு இதுவே நம் முதல் விடை.

மார்ச் 6 ஆம் திகதி முதலமைச்சராகப் பதவியேற்ற அண்ணாதுரை அவர்கள் அத்தேர்தலிலே சட்டசபைக்குப் போட்டியிட்டவர் அல்லர். தென்சென்னையிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவாகி, அதனைத் துறந்து, மாநில மேலவை வழியாக ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். சுயமரியாதைத் திருமணங்கள் சட்டப்படி செல்லும் என்று இந்து விவாகச் சட்டத்துக்குத் திருத்தம் கொணர்ந்தார். முன்னர் நடந்த அத்தகைய திருமணங்களும் செல்லுபடியாயின. பல்லாயிரம் தாய்மாரின் மானமும் பிள்ளைகளின் மரபுரிமையும் ஒரு திருத்தத்தாற் காக்கப்பட்டன. 1968 சனவரி 23 இல் தமிழும் ஆங்கிலமுமாகிய இருமொழிக் கொள்கைத் தீர்மானம் நிறைவேறியது. 1956 இல் சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தும் கிடைக்காத தமிழ்நாடு என்னும் பெயர், 1969 சனவரி 14 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் உண்மையை மறைத்தல் நம் தொழிலுக்கு அழகன்று. பெயர் மாற்றத்துக்குச் சட்டசபை 1967 யூலையில் தீர்மானமே நிறைவேற்ற முடிந்தது. சட்டம் இயற்றியது இந்தியப் பாராளுமன்றம். விவாகம் ஒருங்கிய நிரலில் அடங்கியமையால் அத்திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் இசைவும் வேண்டியதாயிற்று. ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னை, கோவை நகரங்களிலே தொடங்கியது. நிதி இடங்கொடாமையால் மாநிலமெங்கும் விரியவில்லை. வரியின் பெரும் ஊற்றுகள் மத்தியிலே இருக்க, வாக்குறுதியின் சுமை மாநிலத்தின் தலையிலே இருந்தது. இக்குறையை உணர்ந்தே 1969 இல் கலைஞர் கருணாநிதியின் அரசு இராசமன்னார் குழுவை நியமித்தது. 1971 இல் வந்த அறிக்கையின்மீது 1974 இல் மாநில சுயாட்சித் தீர்மானமும் நிறைவேறியது. டில்லி செவிசாய்க்கவில்லை.

மேலும் ஒரு பெருங்குறை உண்டு. அரசியல் அமைப்பின் 356 ஆம் உறுப்புரையைக் கொண்டு 1976 சனவரி 31 ஆம் நாள் அம்மாநில அரசு கலைக்கப்பட்டது. 1991 சனவரி 30 இல் மீண்டும் கலைக்கப்பட்டது. நமது நாட்டுப் போராளி இயக்கத்தின் நடமாட்டத்தைக் காட்டிச் சட்டம் ஒழுங்கு குலைந்தது என்று அப்போது கூறினர். ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். ஆளுநரின் அறிக்கையின்மீது ‘அல்லது வேறு வகையில்’ என்று அவ்வுறுப்புரையில் உள்ள சொற்கள் அரசாங்கத்துக்குக் கைகொடுத்தன. நம் மண்ணின் நெருப்பு அக்கரையில் ஓர் அரசையே எரித்ததை நாம் நன்றியோடும் வருத்தத்தோடும் நினைவுகூரல் வேண்டும்.

இவற்றையெல்லாம் கூறி, ஆகவே மாநில ஆட்சி வெறும் கானல்நீர் என்று முடிக்கலாமா? முடிக்கலாகாது. 1976 இல் கலைந்த அவை 1977 இல் மக்களின் வாக்கால் மீண்டும் கூடியது. 1991 இல் கலைந்த அவை அவ்வாண்டு யூன் மாதமே மீண்டும் தெரிவாகியது. கலைப்புக்குக் கால எல்லை உண்டு. எல்லை முடியுமுன் தேர்தல் வந்தே தீரும். 1994 இல் பொம்மை வழக்கிலே இந்திய உயர் நீதிமன்றம், பெரும்பான்மையை ஆளுநர் மாளிகையிலன்று, சட்டசபையிலேயே சோதித்தறிதல் வேண்டும் என்று கூறிக் கலைக்கும் அதிகாரத்துக்குக் கடிவாளம் இட்டது. ஆட்சியைக் கலைக்கலாம், அவையை அழிக்க முடியாது. இவ்வேறுபாடு சிறிதன்று.

இதனை நம் வரலாற்றோடு ஒப்புநோக்குவோம். திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது 1949 செப்டெம்பரில். இலங்கைத் தமிழரசுக் கட்சி தோன்றியது அவ்வாண்டு டிசெம்பரில். 1956 தேர்தலில் தமிழரசுக் கட்சி 10 இருக்கைகளை வென்றது; 1957 இல் கழகம் வென்றது 15. மக்களின் நம்பிக்கையைப் பெறுவதில் நம் மூத்தோர் எவ்வகையிலும் பின்தங்கினார் அல்லர். வேற்றுமை எங்கே? கழகத்தின் வாக்கு, அது பெரும்பான்மையாகக் கூடிய ஓர் அவைக்குள் சென்றது. நம் வாக்கோ, நாம் என்றும் சிறுபான்மையாக இருந்த பாராளுமன்றத்துக்குள் சென்றது. அங்கே 15 என்பது 50 ஆகி, 137 ஆக வளர இடமிருந்தது. இங்கே 10 எத்துணை வளரினும் ஆட்சியாக மாற வழியில்லை.

இன்னுமொன்று. 1963 இல் பிரிவினையைத் தடுக்கும் பதினாறாம் திருத்தத்தை இந்தியா இயற்றியபோது, கழகம் திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. நான்கே ஆண்டில் மாநில ஆட்சியைப் பெற்றது. இங்கே 1983 இல் ஆறாம் திருத்தம் வந்தது. உறுதியுரை எடுக்க மறுத்த நம் பிரதிநிதிகள் பதவி இழந்தனர். கழகத்தார் கோரிக்கையை விட்டபோது அவர்கள் சென்று சேர ஒரு சட்டசபை வாயில் திறந்திருந்தது. நம்மவர் முன்னே அத்தகைய வாயில் எதுவும் இருக்கவில்லை. கதவைச் சாத்துவோர் ஒரு சாளரத்தையேனும் திறந்துவைத்தல் அரசியல் அறிவாகும்.

1987 இல் மாகாண சபைகள் சட்டமாயின. 1988 இல் தெரிவான வடக்கு கிழக்குச் சபை 1990 இற் கலைந்தது. வட மாகாண மக்கள் அதன் பின் வாக்களிக்க 2013 செப்டெம்பர் வரை காத்திருந்தனர். அப்பொழுது 38 இருக்கைகளில் 30 ஐத் தமிழரசுக் கட்சியின் பட்டியலுக்கு அளித்தனர். அச்சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றி 2017 இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்தில் நிறைவேறவில்லை. பழைய வழி அடைபட்டது, புதிய வழி திறக்கவில்லை. ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. யாரும் சபையைக் கலைக்கவில்லை. கூட்டாமல் விட்டார்கள், அவ்வளவே! கலைத்த அவையைக் குறித்த காலத்துள் மீண்டும் கூட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லாவிடின், எவ்வளவு பெரிய வெற்றியும் காற்றிலே எழுதிய கணக்காகும்.

ஆகவே, இளைஞர்களே, சென்னைத் தேர்தலிலிருந்து நாம் கற்கவேண்டியவை மூன்று. சிதறிய வாக்கு சிறுத்துப்போகும், ஆதலால் ஒன்றுபடுங்கள். ‘படலாம்’ என்பதற்கும் ‘வேண்டும்’ என்பதற்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். நாளை நம் முன் வைக்கப்படும் எந்த அரசியல் அமைப்பு வரைவையும் சொல் சொல்லாகப் படியுங்கள். மூன்றாவதாக, வென்றவன் தோற்றவனை மறவாதிருக்கட்டும். விருதுநகரிலே 1,285 வாக்குகளால் தோற்ற மனிதர், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியையும் பகலுணவையும் அளித்தவர். அவர் முடிவை ஏற்று அமைதியாக ஒதுங்கினார். 1969 இல் நாகர்கோவில் மக்களின் வாக்கால் மீண்டும் பாராளுமன்றம் புகுந்தார். தோற்றவனுக்கும் நாளை உண்டு என்ற உறுதியே மக்களாட்சி. அந்த உறுதியைத் தரும் ஓர் அவையையே நாம் கேட்கின்றோம். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குக் குறைந்த எதுவும் நம்மை ஆற்றாது.