மதுத்தீங்கும் தொண்டர் பணியும்: எதைக் கொண்டு அளப்பது?

மதுத்தீங்கைக் குறைக்க ஊர்த் தொண்டர்கள் செய்யும் பணி மூன்று வகைப்படும்: விழிப்புணர்வு ஊட்டுதல், குடிநோயாளியைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுதல், திரும்பி வந்தவர் மறுபடி குடியில் விழாமல் துணைநிற்றல். முதல் இரண்டும் பசுமலையில் கூடியுள்ள இந்த அவைக்குப் பழகியவை. மதிப்பீடு இடறுவது மூன்றாவதில்தான்.

சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை 1989-இல் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் சிகிச்சையைத் தொடங்கியது. அந்த அனுபவம் 1994-இல் 'அடிக்‌ஷன்' ஆய்விதழில் வெளிவந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லை என்று சொல்லி அதை ஒதுக்கும் வழக்கம் துறையில் நிலைத்துவிட்டது. குறை உண்மைதான். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 377 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 2017-இல் 'லான்செட்'டில் வெளியானது. சாதாரண ஆலோசகர்களிடம் பேசியவர்களில் 36 விழுக்காட்டினரும், பேசாத குழுவில் 26 விழுக்காட்டினரும் மூன்று மாதத்தில் தீங்கான குடியிலிருந்து விடுபட்டிருந்தனர். ஒப்பீடு இல்லையென்றால் அந்த 26-உம் ஆலோசகர் கணக்கில் ஏறியிருக்கும். ஆனாலும், ஊரே துணைநின்று ஒருவரை மீட்பது எப்படி என்பதற்கு மஞ்சக்குடிதான் சான்று. அதை ஒதுக்கியது இழப்பு.

மதுரை வட்டாரத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கார்த்திகையில் மாலை போட்டவர் மண்டலம் முடியும்வரை மதுவைத் தொடமாட்டார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவரும் அப்படியே. ஐப்பசியில் ஒருமுறை, மார்கழியில் மறுமுறை கேட்டால் எந்தத் திட்டமும் வெற்றிதான். மாலையைக் கழற்றிய வாரம்தான் தொண்டருக்குச் சோதனை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2017 ஏப்ரலில் நெடுஞ்சாலை டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. அந்த மாதங்களில் விற்பனை குறைந்ததைத் தொண்டர் பணியின் பலனாகக் காட்டுவதும் இதே பிழை.

விற்பனைக்குப் பதிலாக எதை அளப்பது? 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்ததும், அதன் பொருளாதார விளைவுகளைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் ஆராய்ந்தார். அரசின் பெருமைக்காக எழுதப்பட்டது என்று அந்த அறிக்கையைத் தள்ளிவைத்தோர் அது எழுப்பிய கேள்வியையும் சேர்த்துத் தள்ளினர். குடிக்குப் போன காசு வீட்டில் எதற்குத் திரும்பியது என்பதே அந்தக் கேள்வி. அது இன்றும் செல்லும். சனிக்கிழமை மாலை கொத்தனார் கூலியில் வீடு சேர்ந்தது எவ்வளவு, மகளிர் குழுத் தவணை தவறியதா, அடகுக் கடையிலிருந்த கம்மல் மீண்டதா: இவற்றுக்கு நோட்டும் ரசீதும் சாட்சி.

இவற்றை மனைவியிடம் தனியாகக் கேட்க வேண்டும். கேட்பவர் அந்தத் தொண்டராக இருக்கக் கூடாது. தினமும் வாசலுக்கு வந்து நலம் விசாரிக்கும் அண்ணனிடம், "அவரு இன்னும் குடிக்கிறாருண்ணே" என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது.