வெட்டுமுன் கொத்திப் பார்ப்போம்



ஒரு காலத்தில் நம் வீட்டு அலமாரியில் வானொலிப் பெட்டி இருந்தது. இன்று அதே இடத்தில் ஒரு சிறு பெட்டி குடியேறியிருக்கிறது. இரண்டு மூன்று கொம்புகள், கண்சிமிட்டும் சில விளக்குகள். பிள்ளைகள் அதை ரூட்டர் என்கிறார்கள். பெரியவர்களுக்கு அது வைஃபை பெட்டி. அது ஒழுங்காக வேலை செய்யும்வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றுபோகும்போதுதான் அதை எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பது தெரிகிறது. வெளிநாட்டில் வேலை செய்யும் மகனின் முகத்தைக் காணக் காத்திருந்த தாய் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோவிலுக்கு நடந்துவர முடியாத முதியவருக்கு ஞாயிறு திருப்பலி பாதியில் நின்றுவிடுகிறது. விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளில் உட்கார்ந்த மாணவி கண்கலங்குகிறாள்.

அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? முதலில் பெட்டியின் தலையில் தட்டுகிறோம். அடுத்து, "நீதான் எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டாய்" என்று பிள்ளையின்மேல் பாய்கிறோம். பிறகு, இணைப்பு கொடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்துத் திட்டுகிறோம். கடைசியில், "இது பழசு, தூக்கிப் போடு, புதிது வாங்கு" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். குறை எங்கே இருக்கிறது என்று மட்டும் நாம் தேடுவதில்லை. அதை எப்படித் தேடுவது என்று இன்று சேர்ந்தே சிந்திப்போம்.

வீட்டில் இணையம் கிடைக்க நான்கு பொருள்கள் ஒத்துழைக்கவேண்டும்: வெளியிலிருந்து வரும் கம்பி, மின்சாரம் தரும் அடாப்டர், ரூட்டர், நம் கையிலுள்ள கைப்பேசி. நான்கில் எது தவறினாலும் பழி என்னவோ ரூட்டரின்மேல்தான் விழுகிறது.

எனவே நமது முதல் கேள்வி: இணையம் எல்லாருக்கும் வரவில்லையா, ஒருவருக்கு மட்டுமா? மற்றொரு கைப்பேசியில் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். ஒருவருக்கு மட்டும் வரவில்லை என்றால், அந்தக் கைப்பேசியில் பழைய வைஃபை இணைப்பை நீக்கிவிட்டு, கடவுச்சொல்லை மறுபடியும் கொடுத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, விளக்குகளைக் கவனிப்போம். ஒரு விளக்கும் எரியவில்லையா? வேறு சுவிட்சில் செருகிப் பார்ப்போம். மின்அழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் பல நேரம் பெட்டிக்கு முன்னே அடாப்டர்தான் போய்விடுகிறது. புதிய அடாப்டர் வாங்கும்போது, பழையதில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவு அப்படியே இருக்கவேண்டும். ஆம்பியர் அளவு குறையக்கூடாது. துளையில் பொருந்துகிறதே என்று கையில் கிடைத்ததைச் செருகினால், நல்ல பெட்டியும் கெட்டுவிடும்.

ஃபைபர் இணைப்புள்ள வீடுகளில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தால், பெரும்பாலும் வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். ஃபைபர் என்பது தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழை. அதற்குள் ஒளிதான் செய்தியைச் சுமந்து வருகிறது. அலமாரிக்குப் பின்னால் அது மடிந்து நசுங்கியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம், தெருவில் அறுந்திருக்கலாம். கழன்ற முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பது ஆபத்து. இங்கே நாம் செய்யவேண்டியது, பெட்டியை மாற்றுவது அல்ல. புகார் கொடுத்துவிட்டுப் பொறுத்திருப்பதுதான்.

மூன்றாவது, விளக்குகள் சரியாக எரிந்தும் இணையம் வரவில்லை என்றால், மின்சாரத்தை நிறுத்தி, 30 வினாடி காத்திருந்து மீண்டும் போடுவோம். ரூட்டரும் ஒரு சிறு கணினிதான். மாதக்கணக்கில் ஓய்வின்றி ஓடும்போது அதன் நினைவகத்தில் குழப்பம் சேர்கிறது. அணைத்துப் போடும்போது அது தெளிவாகி எழுகிறது. எழுந்து நிற்க அதற்குச் சில நிமிடங்கள் கொடுக்கவேண்டும்.

நான்காவது, ரூட்டரிலிருந்து ஒரு கம்பியை நேராகக் கணினியில் செருகிப் பார்ப்போம். கம்பியில் வருகிறது, காற்றில் வரவில்லை என்றால், வெளி இணைப்பில் குறை இல்லை. அப்போது பெட்டி இருக்கும் இடத்தைப் பார்க்கவேண்டும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறோமா? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டித் தூரம் போகும். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலையில் இயங்குவதால், அடுப்பு ஓடும்போது இடையூறு வரும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் தடித்த சுவருக்கு முன் தளர்ந்துவிடும். அன்று வானொலிக்கு ஏரியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோமே, அதே பொறுமையோடு பெட்டியை வீட்டின் நடுவில், சற்று உயரத்தில், காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை. பெட்டியின் பின்னால் குண்டூசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். அதை அவசரப்பட்டு அழுத்தவேண்டாம். நிறுவனத்தார் பதிந்து கொடுத்த பயனர் பெயர், கடவுச்சொல் உள்பட எல்லாம் அழிந்துபோகும்.

காய்க்காத அத்திமரத்தைப் பற்றி இயேசு சொன்ன உவமை நமக்குத் தெரியும். மூன்று ஆண்டுகள் கனி இல்லை என்று உரிமையாளர் வெட்டச் சொல்கிறார். தோட்டத் தொழிலாளரோ இன்னும் ஓராண்டு கேட்கிறார். சும்மா விட்டுவைக்க அவர் கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாகச் சொல்கிறார். அதன்பிறகும் கனி தராவிட்டால் வெட்டிவிடலாம் என்று ஒத்துக்கொள்ளவும் செய்கிறார். பொறுமை என்பது வேலை செய்யும் பொறுமை. அதற்கு ஓர் எல்லையும் உண்டு.

நம் பெட்டிக்கும் அந்த எல்லை வரலாம். நல்ல அடாப்டர் கொடுத்தும், குளிர்ந்த இடத்தில் வைத்தும் நாள்தோறும் தானாகவே அணைந்து எழுந்தால், அது முதுமை. தயாரித்தவர்கள் பாதுகாப்புக்கான புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டால், அது பூட்டு பழுதான கதவு. அப்போது மாற்றுவது வீண்செலவு அல்ல. ஆனால் வாங்குமுன், பழைய பெட்டி யாருடையது, நிறுவனத்திடம் திருப்பிக் கொடுக்கவேண்டுமா, எந்தப் பெட்டி நம் இணைப்புக்குப் பொருந்தும் என்று கேட்டுக்கொள்வோம். புதியதில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பைத் தேர்ந்து, பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுவோம். பழையது நம்முடையதாக இருந்தால், அந்தக் குண்டூசித் துளையை அழுத்தவேண்டிய நேரம் இதுதான்; நம் விவரங்கள் அதில் தங்கக்கூடாது. பிறகு அதைக் குப்பையில் எறியாமல், எரிக்காமல், மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுப்போம்.

அன்புள்ளங்களே, பெட்டியை மாற்ற ஒருநாள் போதும். கோபத்தில் பிள்ளையின்மேல் வீசிய சொல்லைத் திரும்ப எடுக்க அவ்வளவு எளிதில் முடியாது. மழையிலும் கம்பத்தில் ஏறி நம் இணைப்பைச் சரிசெய்பவரும் யாரோ ஒரு தாய்க்கு மகன்தான். குறையைத் தேடுவோம், ஆளைத் தேடவேண்டாம்.

இந்த வாரம் ஒரு சிறு வேலை செய்வோம். இணைப்பின் பயனர் பெயர், கடவுச்சொல், புகார் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்போம். நம் தெருவில் தனியாக வாழும் பெரியவர் ஒருவரின் வீட்டிற்கும் போய், அவருக்கும் இதைச் செய்துகொடுப்போம். அப்படியே அரைமணி நேரம் அவரருகே உட்கார்ந்து பேசிவிட்டு வருவோம்.