சொந்த மின்சாரம், ஊர்க் காற்று

உப்பளத்து வேலையை முடித்துவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே!

1930-இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார் என்று ராஜாஜியைப் பிடித்துச் சிறையில் போட்டான் வெள்ளைக்காரன். இன்றைக்கு ஒரு கம்பெனி தன் தேவைக்கு நூறு மெகாவாட் மின்சாரம் தயாரிக்க உரிமமே வேண்டாம்! நான் சொல்லவில்லை, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு சொல்கிறது.

அன்றைக்கு அது நல்ல சட்டம்தான். 2008-க்குப் பிறகு மின்வெட்டில் நாம் பட்ட பாடு கொஞ்சமா? சொந்த ஜெனரேட்டர் வைத்திருந்த ஆலைதான் ஓடியது. ஆனால் டேட்டா சென்டர் ராப்பகலாக, ஒரு நொடி நிற்காமல் மின்சாரம் இழுப்பது. அதற்கென்றே 2021-இல் தமிழக அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. சிறுசேரிக்கும் அம்பத்தூருக்கும் டேட்டா சென்டர்கள் வந்துவிட்டன. வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நம் செல்போன் படமெல்லாம் அங்கேதானே கிடக்கிறது!

மின்வாரியத்துக் கம்பியில் சேர்ந்தால் ஆயிரம் கேள்வி வரும். சேராமல் காம்பவுண்டுக்குள்ளேயே டர்பைன் ஓட்டினால்? மின் ஆய்வாளர் பாதுகாப்பைப் பார்ப்பார், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புகையைப் பார்க்கும். ஊரை யார் கேட்பது?

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரில் ஈலான் மஸ்க்கின் எக்ஸ்ஏஐ கம்பெனி 2024-இல் அனுமதி வாங்காமலே எரிவாயு டர்பைன்களை ஓட்டியது. கேட்டால் ‘தற்காலிகம்’ என்றார்கள். தற்காலிகப் பேருந்து நிலையம் எத்தனை வருஷம் இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? பக்கத்தில் வாழ்ந்த கறுப்பின மக்கள் போராடினார்கள். 2025 ஜூலையில் 15 டர்பைனுக்கு அனுமதி வந்தது. ஓட்டிய பிறகு அனுமதி! அதே ஆண்டு டெக்சாஸ் மாநிலம் சட்டம் போட்டது: 75 மெகாவாட்டோ அதற்கு மேலோ இணைப்புக் கேட்பவர் தன் ஜெனரேட்டர் கணக்கையும் காட்ட வேண்டும். அதுவும் கம்பியில் சேருகிறவருக்குத்தான்.

அப்படி ஒன்று நம் ஊருக்கு வந்தால், உங்கள் உப்புப் பாத்தியை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் வாரி வரப்பில் குவித்த உப்பின் மேல் கரித்தூள் விழுந்தால் கழுவ முடியுமா? கழுவினால் உப்பே கரைந்துவிடும். வியாபாரி அந்தக் கரியைக் காட்டியே விலையைக் குறைப்பான்.

ஆகவே ஒன்று கேட்கிறேன். சொந்தமாக மின்சாரம் தயாரிக்கும் டேட்டா சென்டர் எத்தனை மெகாவாட், என்ன எரிபொருள், தண்ணீர் எங்கிருந்து என்பதை அஸ்திவாரம் போடும் முன்பே ஊர் நடுவில் வந்து சொல்ல வேண்டும். இதை அரசு விதியாக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். தீர்மானம் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் போடாதீர்கள்.