மரவள்ளி சொல்லும் பாடம்

1942ல் ஜப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியபின், பர்மாவிலும் சயாமிலும் இருந்து அரிசி வருவது குறைந்தது. 1944ல் ஆண் ஒருவருக்கு மாதப் பங்கீடு ஏறத்தாழ 4.8 கிலோ, பெண்ணுக்கு 3.6, பிள்ளைக்கு 2.4. ஆணுக்கே நாளொன்றுக்கு 160 கிராம்தான்!

"உணவுப் பயிர் வளருங்கள்" என்று ஆட்சியாளர்கள் இயக்கம் நடத்தினார்கள். வீட்டு முற்றமெல்லாம் மரவள்ளி முளைத்தது. வயிறு நிரம்பியது, சத்து சேரவில்லை. பெரிபெரி நோய் பலரை வாட்டியது. தட்டுப்பாடு வந்தபின் நடத்தும் இயக்கம் கிழங்கைத் தரும், சோற்றைத் தராது.

இன்றும் நம் உணவில் 90 விழுக்காட்டுக்குமேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. ஆகவே புக்கிட் மேரா உணவங்காடியில், வேண்டிய அளவு சோற்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். சிக்கனத்துக்கு ஏற்ற காலம், அரிசி நிறைந்திருக்கும் காலமே.